அண்ணன் தோட்டத்துக் காய்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் இஸ்திரி அக்கா. பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது சம்பளச் சீட்டில் மாதம் ஒருமுறை தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும்.

வேலை பார்க்க எளிது, செய்து பார்த்தால்தான் தெரியும். ஆள் நீளத்துக்கு இரண்டு இரும்பு உருளைகள், உள்ளே ஆவி கொதிக்கும். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் சுருக்கமில்லாமல் பிடித்து உருளைகளுக்கு நடுவே செருக வேண்டும். மறுபக்கம் நிற்பவள் வாங்கி மடிப்பாள். செருகுவதற்கு முன்னால் விரிப்பை வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பது அக்காவின் வழக்கம். மிளகு அளவு கறை இருந்தாலும் போதும், திரும்பவும் சலவைக்குத்தான். "நோயாளியைப் பார்க்க வர்றவங்க கண்ணுல முதல்ல படறது விரிப்புதான். கறை இருந்தா நம்ம மூஞ்சியிலதானே துப்புவாங்க" என்பாள். இந்தக் கண்ணை அவள் வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவள் இல்லை. தட்டு, குடம், தக்காளி, மனிதர்கள் என்று எல்லாவற்றையும் அதே மாதிரி தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பாள். ஒரே ஒரு ஆளை மட்டும் அப்படிப் பார்த்ததில்லை. அது அவளுடைய அண்ணன்.

ஒரு வெள்ளிக்கிழமை டயட் மேடம் சலவைக்கூடத்துக்கு இறங்கி வந்தார். நோயாளிகள் எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்று சொல்கிற அம்மா அவர். மேல்மாடியிலிருந்து ஈரத்தரைக்கு வருகிற ரகம் இல்லை. அதனால் அவர் வந்ததுமே, ஏதோ வம்பு வருகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"வர்ற திங்கக்கிழமையில இருந்து நாலு நாளைக்கு, ஊழியர்கள் எல்லாரும் உள்ளூர்ல விளைஞ்சதை மட்டும் சாப்பிடப் போறோம்" என்றார் மேடம். "பஸ்ல ஒரு மணி நேரத்துல போற தூரம் வரைக்கும் உள்ளூர். அதைத் தாண்டி விளைஞ்சது எதுவும் வாய்க்குள்ள போகக் கூடாது. உப்புக்கு மட்டும் விலக்கு. கடைசி வரைக்கும் தாக்குப் பிடிக்கறவங்க படத்தை முன் வாசல்ல மாட்டப் போறோம்."

உருளைக்கு மறுபக்கம் நிற்பவளை எல்லோரும் மடிப்பு என்பார்கள். மடிப்பதில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. அவள்தான் முதலில் கேட்டாள்.

"டீத்தூள் மேடம்?"

"மலையில இருந்து வருது. கிடையாது."

"சர்க்கரை?"

"அதுவும் தூரம்."

"எண்ணெயாவது உண்டா?"

மேடம் கொஞ்சம் யோசித்தார். "எந்தக் காட்டுல விளைஞ்சதை ஆட்டினதுன்னு தெரிஞ்சா ஊத்திக்கலாம்."

"அப்போ பட்டினி வாரம்னே பேர் வெச்சிருக்கலாமே மேடம். சம்பளத்துக்கு முந்தின வாரம் நாங்க அதைத்தான் கொண்டாடிக்கிட்டிருக்கோம்."

கூடமே சிரித்தது. மேடமும் பாவம், சேர்ந்து சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை பொங்கிக்கொண்டு வந்தது, அது வாய் வழியாக வழிந்தும் விட்டது.

"எனக்கு இதுல என்னடி கஷ்டம்?" என்றாள். "எங்கண்ணன் தோட்டம் பஸ்ல முக்கால் மணி நேரம். என் அடுப்புல வேகறதே அந்தக் காய்தான். நாலு நாள் என்ன, ஆயுசுக்கும் சாப்பிடச் சொன்னாலும் சாப்பிடுவேன். உங்களுக்கும் சேர்த்துக் கொண்டாறேன். வாயை மூடிக்கிட்டுத் தின்னுங்க."

பெருமைப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. அப்பா போன பிறகு நிலம் அண்ணனுக்கும் அவளுக்கும் பாதிப் பாதி என்று ஆயிற்று. கண்ணீர் காய்வதற்குள் அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "பாப்பா, நிலத்தைக் கூறு போட்டா உனக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு. என் பேர்ல இருந்தா என்ன, உன் பேர்ல இருந்தா என்ன? நான் உசுரோட இருக்கற வரைக்கும் நம்ம வீட்டு அடுப்புல என்ன வேகுதோ, அதுதான் உன் வீட்டு அடுப்புலயும் வேகும்." அவள் புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திர ஆபீசுக்குப் போய்க் கையெழுத்தைப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்துதான் சொன்னாள்.

புருஷன் அப்போது காய்கறி லோடு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது முழங்கால் போய், ஒரு துணிக்கடை வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார். அன்றைக்கு அவர் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பற ஜென்மம்டி நீ! நல்லா உன் காதுல பூ சுத்தி அனுப்பியிருக்கார் மச்சான்!"

"தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும். எங்கண்ணனைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

கெட்ட கோபம் வந்தது. இரண்டு பேரும் அந்த மாதம் முழுக்கச் சுவரைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் மூட்டை வந்தது, அதைச் சொல்ல வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, மழையோ வெயிலோ, அண்ணன் ஊர் வழியாக வருகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு மூட்டை ஏறிவிடும். இவள் போய் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். கத்தரிக்காய் எண்ணெய் தடவியது போல மின்னும். வெண்டைக்காய் எல்லாம் ஒரே நீளம். கீரையில் ஓர் இலையில் ஓர் ஓட்டை இருக்காது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், பிறகு புருஷன் மூக்குக்கு நேராக நீட்டுவாள். "பாருங்க. காதுல சுத்தின பூ எப்படிப் பளபளன்னு இருக்குன்னு நல்லாப் பாருங்க." அவர் பார்ப்பார். நிலத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிற மனுஷன், காயைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். போட்டதைத் தின்றுவிட்டு எழுந்து போவார். அதை அவள் தன்னுடைய வெற்றி என்று வைத்துக்கொண்டாள். பிறந்த வீட்டில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறது என்பதற்கு அவளிடம் வேறு சாட்சி எதுவும் இல்லை. பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, அம்மா அப்பா போயாயிற்று, பாக்கி இருந்தது அந்த மூட்டை ஒன்றுதான்.

இந்தத் தடவை போனில் சொல்லிப் பெரிய மூட்டையாக வரவழைத்தாள். கூடவே கொஞ்சம் சோளமும் வந்தது. திங்கட்கிழமை காலையில் எண்ணெய் இல்லாமல், சர்க்கரை இல்லாமல், வேகவைத்த சோளமும் கத்தரிக்காயும் தட்டில் விழுந்தன. புருஷன் தட்டையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"டீ?"

"கிடையாது."

"போட்டி உனக்கா எனக்கா?"

"ஒரே அடுப்பு, ஒரே போட்டி. நாலே நாள்தானே, செத்தா போயிடுவீங்க?"

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போதே அவரோடு டீக்கடையும் நுழைந்தது. "வாயைத் திறங்க" என்றாள். "பக்கத்துல நின்னவன் குடிச்சான், வாசனை சட்டையில ஒட்டிக்கிச்சு" என்றார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுக்கு உங்ககிட்டதான் பாடம் படிக்கணும்" என்று அவள் கத்தினாலும், உள்ளுக்குள் சிரிப்புத்தான். அந்த வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். அவர் நீட்டிய காலைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டுகூடப் போனாள்.

சலவைக்கூடத்திலும் அவள் கொடிதான் பறந்தது. மத்தியானம் துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்து எல்லோரும் அவள் கொண்டுவந்த காயைத்தான் தின்றார்கள். மடிப்பின் மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. "பிள்ளை பெத்தவளுக்கு நல்ல காயா வேணும்கா, பச்சை உடம்பு" என்று அவள் கேட்டதும், அக்கா மூட்டையைக் கவிழ்த்து, இருப்பதிலேயே பளபளப்பானதாகப் பொறுக்கிக் கொடுத்தாள். டயட் மேடத்துக்கு விஷயம் எட்டி, அவரே வந்து, "வியாழக்கிழமை உங்களை மூட்டையோட நிறுத்திப் படம் எடுக்கப் போறேன்" என்றார். அக்கா வெட்கப்பட்டாள். அந்த வயதில் அந்த வெட்கம் அவளுக்கே புதிதாக இருந்தது.

வாரிக் கொடுத்ததில் செவ்வாய்க்கிழமையே மூட்டை காலி. புதன்கிழமை காலை வேலை முடிந்ததும் அவள் நேராக பஸ் ஏறிவிட்டாள். போன் செய்யவில்லை. சொந்த வீட்டுக்குப் போகிறவள் போன் செய்துவிட்டா போவாள்?

அண்ணன் வீட்டில் இல்லை, உரம் வாங்கப் போயிருந்தான். அண்ணி வாசலில் உட்கார்ந்து பேரக்குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள். அதில் பொய் இல்லை.

"என்னம்மா திடீர்னு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பறிச்சுக் கட்டி வெச்சிருப்பேனே."

"எதுக்கு அண்ணி? என் கையாலயே பறிச்சுக்கறேன். எத்தனை நாளாச்சு செடிகிட்ட போயி."

"வெயில் கொளுத்துது. நீ உக்காரு, நான்..."

"நீங்க பிள்ளைக்கு ஊட்டுங்க அண்ணி. எனக்கா வழி தெரியாது?"

வந்தால் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்புகிறதுதான் இத்தனை வருஷப் பழக்கம். தோட்டத்துக்குள் அவள் கால் வைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. போனால், ரோட்டுப் பக்கத்துக் கத்தரிச் செடிகளுக்கு நடுவே ஒருவன் முதுகில் மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு, மூக்கையும் வாயையும் துணியால் சுற்றிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தான். நெடி தொண்டையைப் பிடித்தது. அவன் கையைத் தூக்கி, "உள்ள வராதீங்கம்மா, எல்லாப் பக்கமும் அடிச்சிருக்கு!" என்று கத்தினான்.

"அப்போ எப்போ பறிப்பீங்க?"

"நாளைக்குக் காலையில."

அவளுக்கு என்னவோ போல இருந்தது. இருந்தும், விவசாயம் என்றால் பூச்சிக்கு மருந்து அடிக்காமலா இருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மருந்து வாடை இல்லாத பக்கமாகப் போகலாமென்று மோட்டார் ரூமைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். அங்கே, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், பழைய வலையால் வேலி கட்டிய ஒரு சின்னப் பாத்தி இருந்தது. கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை எல்லாம் கலந்து கிடந்தன. இலையெல்லாம் பூச்சி தின்ற சல்லடை. காய்கள் கோணலும் மாணலுமாக, சிலதில் புழு துளைத்த கறுப்புப் புள்ளியோடு தொங்கின. தேனீ சத்தம் கேட்டது. அப்பா காலத்தில் தோட்டம் முழுக்க இப்படித்தான் இருக்கும். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், முந்தானையை ஏந்தி, பறிக்க ஆரம்பித்தாள்.

நாலைந்து காய்தான் பறித்திருப்பாள். பின்னால் அண்ணி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஐயோ, அதுல கை வைக்காதேம்மா! அது வீட்டுக்கு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அண்ணிக்கே உறைத்தது. கையில் சோற்றுப் பருக்கையோடு அப்படியே நின்றாள்.

"வீட்டுக்குன்னா?" என்றாள் இவள்.

"நாங்க... இங்க சாப்பிடறதுக்கும்மா. இதுக்கு மருந்து அடிக்கறதில்ல. பச்சைக் குழந்தை இருக்கில்ல..."

"எப்பருந்து இருக்கு இந்தப் பாத்தி?"

"அது ரொம்ப நாளா இருக்கு. மருந்து அடிக்க ஆரம்பிச்சதுல இருந்து இருக்கு. எல்லா வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்கும்மா, நாங்க மட்டும் இல்ல."

"அப்போ எனக்கு வர்றது?"

அண்ணியின் கண் தானாக ரோட்டுப் பக்கம் போய்விட்டு வந்தது. அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த காய்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. ஓட்டை இல்லை, சொத்தை இல்லை என்று எத்தனை தடவை மெச்சியிருப்பாள்! புழுகூடத் தொடாததைத்தான் அத்தனை வருஷம் மெச்சி மெச்சித் தின்றிருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து சேர்ந்தான். தங்கை வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டுச் சிரித்துக்கொண்டேதான் வந்தான். பாத்திக்குள் அவளைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"பாப்பா, இங்க என்ன பண்றே? வெளிய வா. உனக்குன்னு எப்பவும் நானே உக்காந்து பொறுக்கித்தான் கட்டுவேன். ஒரு சொத்தை வந்திருக்கா சொல்லு? ஒண்ணே ஒண்ணு?"

இதைப் பெருமையாகத்தான் சொன்னான்.

"சொத்தையை எல்லாம் நீங்க வெச்சுக்கிட்டீங்களே அண்ணா, அப்புறம் எனக்கு எப்படி வரும்?"

"கடையில வாங்கினாலும் இதே காயைத்தானே தின்னப் போறே? ஊரே இதைத்தான் திங்குது."

"ஊருக்கு நீங்க வாக்குக் குடுக்கலையே. ஊரு உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கலையே. நம்ம வீட்டுல என்ன வேகுதோ அதுன்னு என்கிட்டதானே சொன்னீங்க?"

"பாத்தி சின்னதும்மா" என்றாள் அண்ணி, நடுவில் புகுந்து. "எங்களுக்கே இழுத்துக்க பறிச்சுக்கன்னு இருக்கு. பெருசாப் போட்டா விக்கிறதுக்கு இடம் குறையும்."

"இடம் குறையுமா?" அவள் அண்ணி பக்கம் திரும்பினாள். "பாதி நிலத்தை எழுதிக் குடுத்துட்டுப் போனேனே அண்ணி. அதுல எனக்குன்னு நாலு செடி வைக்க உங்களுக்கு இடம் பத்தலையா?"

அண்ணன் தரையைப் பார்த்தான். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவளும் நாலு கேள்வி கேட்டுத் தீர்த்திருப்பாள். அவன் முகத்தில் இருந்தது குற்றவாளியின் முகம்கூட இல்லை. இதில் இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று புரியாத ஒருவனின் முகம். அவளைக் கெடுக்க வேண்டும் என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. வீட்டு ஆட்களை எண்ணும்போது அவளை எண்ணவில்லை, அவ்வளவுதான். முந்தானையில் இருந்த காய்களை மோட்டார் ரூம் படியில் கொட்டிவிட்டு நடந்தாள். "பாப்பா, ஒரு வாய் தண்ணியாவது குடிச்சுட்டுப் போ" என்று அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தான். அவள் திரும்பவில்லை.

வீட்டில் புருஷன் அவள் வெறும் கையோடு வருவதைப் பார்த்தார். அவரிடம் சொல்லவே கூடாது என்றுதான் பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தாள். நான் அப்பவே சொன்னேனே என்று இவர் ஆரம்பித்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருக்கும். ஆனால் வாய் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் ஆச்சரியப்படுவார் என்று பார்த்தாள். அவர் ஆச்சரியப்படவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள், மெதுவாக.

"லோடு ஏத்தினவன்டி நானு. எந்தத் தோட்டத்துல எந்தப் பாத்தி யாருக்குன்னு தெரியாமலா இருக்கும்?"

"தெரிஞ்சேவா தின்னீங்க?"

"தின்னேன்."

"ஏன் சொல்லல? எல்லாத்துக்கும் வாய் திறக்கற மனுஷன்தானே நீங்க? இதுக்கு மட்டும் ஏன் திறக்கல?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "நிலம் போச்சுன்னு திட்டினேன், சரி. அண்ணனும் போயிட்டான்னு என் வாயால வேற சொல்லணுமா?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் பாவப்பட்டதைத்தான் தாங்க முடியவில்லை. தான் காயை மூக்கில் நீட்டிய ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷன் பாவம் பார்த்துத்தான் சும்மா இருந்திருக்கிறார் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது. "எல்லாருமா சேர்ந்து என்னை முட்டாளாக்கி வெச்சிருந்தீங்களா?" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்தத் தடவையும் எட்டிப் பார்த்தார்கள். அவர் காலை இழுத்துக்கொண்டு போய், ஒளித்து வைத்திருந்த டீத்தூளை எடுத்து, டீ போட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். அவள் குடித்தாள்.

மறுநாள் டயட் மேடம் சொன்னபடியே படம் எடுக்க வந்துவிட்டார். அக்கா உருளையை விட்டு நகரவில்லை.

"நான் தோத்துட்டேன் மேடம். வேற யாரையாவது எடுங்க."

"ஐயோ, நீங்களா? என்ன சாப்பிட்டீங்க?"

"வெளியூர்க் காய்."

"எந்த ஊரு?"

"எங்கண்ணன் தோட்டம்."

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். மடிப்பு மட்டும் விடவில்லை. விஷயத்தைக் கறந்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மகளுக்குக் குடுத்தேனே, அதைத் தூக்கிப் போட்டுடச் சொல்லுடி" என்றாள்.

"அது அன்னிக்கே வெந்து வயித்துக்குள்ள போயாச்சு. கடையில விக்கிறது மட்டும் என்ன தேன்ல குளிச்சிட்டா வருது? விடுக்கா." மடிப்பு ஒரு விரிப்பை நான்காக மடித்து அடுக்கினாள். "தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க?"

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அக்கா அடுத்த விரிப்பை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கண்ணில் நீர் மறைத்ததில் கறை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அப்படியே உருளைக்குள் செருகினாள்.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் போன் செய்தான். மூட்டை வந்திருக்கிறதாம். போகவே கூடாது என்று உட்கார்ந்திருந்தவள், பஸ் கிளம்பும் நேரம் நெருங்க நெருங்க இருப்புக் கொள்ளாமல் எழுந்து போனாள்.

"வாங்கக்கா. பத்திரமாக் குடுக்கணும்னு உங்கண்ணன் நாலு தடவை சொல்லிட்டார்" என்று கண்டக்டர் மூட்டையை இறக்கி வைத்தான். எப்போதும் வருவதைவிடச் சின்ன மூட்டை. அவள் வாய்க்கட்டை அவிழ்த்தாள். மேலேயே கீரை, இலையெல்லாம் ஓட்டை. கீழே கோணல் கத்தரிக்காய்கள். ஒன்றில் புழு இன்னும் நெளிந்துகொண்டிருந்தது. அவள் அதை எடுத்து முகர்ந்தாள். வெறும் மண்ணும் காம்பும்தான் மணத்தன. எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. அந்த ஆசையை நினைத்து அவளுக்கே அழுகை வந்தது. வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் வந்திருக்கிறது. இனி கேட்காவிட்டாலும், திரும்பவும் கேட்டுவிடுவாளோ என்ற பயத்துக்கு வந்துகொண்டிருக்கும்.

காயை உள்ளே போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, மூட்டையை அவன் பக்கமே தள்ளினாள்.

"திரும்பப் போறப்ப எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி."

"ஏன்கா? சொத்தையா இருக்கா?"

"சேச்சே, நல்ல காய்" என்றாள். "இது வீட்டுக்குன்னு வெச்சிருந்தது. தெரியாம எனக்கு அனுப்பிட்டாங்க. அவங்ககிட்டயே குடுத்துடுங்க."